மேலூர்ப் பள்ளியின் பெல் கோடையில் ஏன் பின்தங்கியது

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். மேலூர் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆட்டோமேட்டிக் பெல் செய்து கொடுத்திருக்கிறீர்கள். டிஎஸ்1307 ஆர்டிசி, அதாவது நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கிற கடிகார சிப், அதற்கு ஒரு 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல், புரோகிராம் ஓடுகிற ஏடிமெகா போர்டு, பெல்லை ஆன் பண்ணுகிற ரிலே, எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள். பெட்டி இருப்பது மாடிப்படி முடிகிற இடத்தில், ஷீட் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவரில். மார்கழியில் மாட்டினீர்கள், மாசி முடிகிறவரை பத்து நொடிகூட விலகவில்லை. பங்குனி பிறந்ததும் நேரத்தை ஒருமுறை சரிசெய்துவிட்டு வந்தீர்கள். லீவு முடிந்து ஜூனில் பள்ளி திறந்த அன்று காலை பெல் இரண்டு நிமிடம் தாமதமாக அடித்திருக்கிறது, தலைமையாசிரியர் போன் போட்டுவிட்டார். மதுரை டவுன்ஹால் ரோட்டில் புது கிரிஸ்டல் வாங்கி மாற்றியும் ஒரு நாளைக்கு ஒரு நொடிக்கு மேல் பின்தங்குகிறது. இப்போது புரோகிராமில் தினமும் 1.4 நொடி கூட்டிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது மூன்று: கிரிஸ்டல் டூப்ளிகேட்டா, இந்த 1.4 நொடி போதுமா, ஏடிமெகா சிப்புக்கு வைக்கிற 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு இந்தத் தொல்லை கிடையாதா.

கிரிஸ்டல் நல்ல கிரிஸ்டல்தான். 1.4 நொடி கோடைக்குப் போதும், மார்கழியில் அதே கணக்கு உங்களைக் கவிழ்த்துவிடும். மூன்றாவது கேள்விக்கு மெதுவாக வருகிறேன், அதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

நான் பல வருடம் மில்களில் கண்ட்ரோல் பேனல் வேலை பார்த்தவன். ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சைரனுக்கு ஒரு டைமர் பேனல் இருந்தது, கம்ப்ரஸர் ரூம் சுவரில். சித்திரை வைகாசியில் பின்தங்கும், ஐப்பசியில் சரியாகிவிடும். மூன்று வருடம் மூன்று கிரிஸ்டல் மாற்றினோம். நான்காவது வருடம் பேனல் கதவைத் திறந்து உள்ளே கையை வைத்தபோதுதான் உறைத்தது, அந்தச் சூட்டில் கையை வைத்திருக்கவே முடியவில்லை. அதன் பிறகு எந்தக் கடிகாரத்தில் கோளாறு என்று கூப்பிட்டாலும் நான் முதலில் எடுத்துப்போவது தெர்மாமீட்டர்தான். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கிரிஸ்டலைக் குறை சொல்லும் முன்னால் அது எந்தச் சூட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஆர்டிசியில் இருக்கிற அந்தச் சின்ன உருளை, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, அதற்குள்ளே இருப்பது குவார்ட்ஸில் செதுக்கிய ஒரு குட்டிக் கவை. இசைக்கவை பார்த்திருப்பீர்கள், தட்டினால் ஒரே சுருதியில் ரீங்காரம் போடுமே, அதே வடிவம்தான். குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் வருகிறது என்பதை 1880-இல் கியூரி சகோதரர்கள் பியரும் ஜாக்கும் கண்டுபிடித்தார்கள். அதன் மறுபக்கமும் உண்டு, மின்னழுத்தம் கொடுத்தால் குவார்ட்ஸ் வளையும். ஆர்டிசி சிப் அந்தக் கவையை இப்படி விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது, அது நொடிக்கு 32,768 தடவை ஆடுகிறது. இந்த எண் இரண்டின் பதினைந்தாவது அடுக்கு, அதனால் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக நொடிக்கு ஒன்று கிடைக்கும்.

சூடேறினால் குவார்ட்ஸ் விரியும், அதைவிட முக்கியமாக அதன் விறைப்பும் மாறும். குவார்ட்ஸுக்கு எல்லாத் திசையும் ஒன்றல்ல, ஒரு திசையில் விறைப்பு கூடினால் இன்னொரு திசையில் குறையும். அதனால் கல்லை எந்தக் கோணத்தில் வெட்டுகிறோம் என்பதை வைத்து இந்த மாற்றங்களை ஒன்றோடொன்று கழியவிடலாம். கவைக் கிரிஸ்டலை 25 டிகிரிக்குப் பக்கத்தில் இந்தக் கழிவு சரியாக நடக்கும்படி வெட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் சூடு கூடினாலும் குறைந்தாலும் வேகம் அசையாது. ஆனால் அங்கிருந்து தள்ளிப் போகப் போக, கழியாமல் மிச்சம் நிற்பது வெளியே வரும், அது விலகலின் வர்க்கமாக வளரும். கிராப் போட்டால் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருக்கும். உச்சி 25 டிகிரியில், இரண்டு பக்கமும் சரிவு.

கணக்கு இதுதான், மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: 25-இல் இருந்து எத்தனை டிகிரி விலகல் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.035-ஆல் பெருக்கினால் எத்தனை பிபிஎம் மெதுவாகிறது என்று வரும். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 86,400 நொடி, ஆகவே ஒரு பிபிஎம் என்பது நாளுக்கு 0.0864 நொடி, வருடத்துக்குச் சுமார் 31 நொடி. இப்போது 45 டிகிரியைப் போடுங்கள். விலகல் 20, வர்க்கம் 400, 14 பிபிஎம், நாளுக்கு 1.2 நொடி பின். 55 டிகிரி என்றால் விலகல் 30, 31.5 பிபிஎம், நாளுக்கு 2.7 நொடி. பத்து டிகிரிதான் கூடியது, தவறு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வர்க்கத்தின் குணம் அது.

உறையில் போட்டிருக்கும் 20 பிபிஎம் என்பதை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது 25 டிகிரியில் மட்டும் உள்ள பிசிறு. தொழிற்சாலையில் 25 டிகிரியில் வைத்து அளந்தபோது 32,768-இல் இருந்து இவ்வளவுக்கு மேல் விலகவில்லை என்று சொல்கிற எண். வெப்பத்தால் வருவது இதற்கு மேல் தனிக் கணக்கு. 20 பிபிஎம் என்றால் மாதத்துக்கு 52 நொடிவரை ஓடலாம், எந்தப் பக்கமும். உங்களுக்கு மார்கழியிலிருந்து மாசிவரை பத்து நொடிகூட விலகவில்லை என்றால், வாய்த்த கிரிஸ்டல் 25 டிகிரியில் கிட்டத்தட்ட சுழியில் இருந்திருக்கிறது. நல்ல அதிர்ஷ்டம்தான், ஆனால் அதுவே உங்களைக் குழப்பியும் விட்டது. முதலிலேயே மாதம் அரை நிமிடம் ஓடியிருந்தால் அப்போதே உட்கார்ந்து யோசித்திருப்பீர்கள்.

இந்தக் கிண்ண வடிவத்தைப் புத்தகத்தில் படித்தால் மனதில் நிற்காது, கண்ணால் பார்க்க வேண்டும். நான் வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு டிஎஸ்1307 மாட்யூலிலிருந்து நொடிக்கு ஒரு துடிப்பு வருகிற மாதிரி செட் பண்ணி, மாட்யூலைப் பாலிதீன் கவருக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, ஒயரை மட்டும் வெளியே விட்டு, ஒரு தெர்மாஸ் பிளாஸ்கில் தண்ணீருக்குள் இறக்கினேன். இன்னொரு பக்கம் ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், அதிலிருந்தும் நொடிக்கு ஒரு துடிப்பு வரும், அது செயற்கைக்கோளின் அணுக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வருவதால் நம் வேலைக்கு அதுவே சத்தியம். இரண்டையும் ஸ்கோப்பில், அதாவது துடிப்பைத் திரையில் வரைந்து காட்டுகிற கருவியில் போட்டு, ஜிபிஎஸ் துடிப்பு திரையில் அசையாமல் நிற்கும்படி அதில் டிரிகர் வைத்தேன். ஆர்டிசியின் துடிப்பு திரையில் இடது பக்கம் நகர்ந்தால் வேகமாக ஓடுகிறது, வலது பக்கம் நகர்ந்தால் மெதுவாக ஓடுகிறது.

அது சித்திரை மாதம். மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வந்த தண்ணீரே 36 டிகிரி காட்டியது. 25 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் போட வேண்டியிருந்தது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கிரிஸ்டலுக்குப் பிடித்த சூடு மதுரைக் கோடையில் இயற்கையாக எங்கேயும் கிடையாது. 25-இல் கால் மணி நேரம் விட்டுப் பார்த்தேன், துடிப்பு நொடிக்கு 3 மைக்ரோநொடி வீதம் மெல்ல இடது பக்கம் ஊர்ந்தது. அந்தக் கிரிஸ்டலின் சொந்தப் பிசிறு அது, 3 பிபிஎம் வேகம். வெந்நீர் ஊற்றி 45-க்குக் கொண்டுபோனேன். துடிப்பு தயங்கி, நின்று, பிறகு வலது பக்கம் திரும்பிவிட்டது, ஒரு நிமிடத்தில் முக்கால் மில்லிநொடிக்குக் கொஞ்சம் கம்மியாக நகர்ந்திருந்தது. சரி, எதிர்பார்த்ததுதான். அடுத்து தண்ணீரைக் கொட்டிவிட்டு ஐஸ் நிரப்பி 5 டிகிரிக்கு இறக்கினேன். என் பையன் பக்கத்தில் நின்று, சூட்டில் வலது பக்கம் போனதே, குளிரில் இடது பக்கம் போகும் என்றான். துடிப்பு திரும்பவும் வலது பக்கமே போனது, ஏறத்தாழ அதே வேகத்தில். அவன் ஒயரை மாற்றி மாட்டிவிட்டேனோ என்று குனிந்து பார்த்தான்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பகலில் காய்ந்தால் என்ன, ராத்திரி குளிர்ந்து ஈடுகட்டிவிடும் என்று நினைக்கிறார்கள். கவைக் கிரிஸ்டலில் ஈடுகட்டுவது என்ற பேச்சே கிடையாது. சூட்டிலும் பின்தங்கும், குளிரிலும் பின்தங்கும். கொடைக்கானலில் 10 டிகிரிக் குளிரில் தொங்குகிற சுவர்க் கடிகாரமும் நாளுக்கு முக்கால் நொடிக்குக் கிட்டத்தில் இழக்கும். இன்னொன்று, ஒரு பெட்டி எப்போதும் 35 டிகிரியில் இருந்தால் 3.5 பிபிஎம்தான் தவறு. அதே பெட்டி பாதி நேரம் 20-இலும் பாதி நேரம் 50-இலும் இருந்தால் சராசரிச் சூடு அதே 35-தான், ஆனால் தவறு 11 பிபிஎம்முக்கு மேல். மூன்று மடங்கு. ஆகவே சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், மதிய உச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். மேற்குச் சுவர், தலைக்கு மேல் ஷீட், தகரப் பெட்டி, லீவில் பூட்டிக் கிடக்கிற மாடிப்படி. அக்னி நட்சத்திர நாட்களில் மதுரையில் வெளியே நிழலிலேயே 40-ஐத் தொடும். அந்தப் பெட்டிக்குள் மாலை நான்கு மணிக்கு 58-உம் விடியற்காலையில் 30-உம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன், ஊகம்தான், நீங்கள் அளந்து சொன்னால் திருத்திக்கொள்ளலாம். நாள் முழுவதும் கூட்டிப் பார்த்தால் சராசரி 16 பிபிஎம் வருகிறது, நாளுக்கு 1.4 நொடி. பங்குனி பிறந்ததிலிருந்து பள்ளி திறக்கிறவரை கிட்டத்தட்ட 88 நாள், பெருக்கினால் இரண்டு நிமிடத்துக்கு இரண்டு நொடி கூட. தலைமையாசிரியர் சொன்ன இரண்டு நிமிடம் அப்படியே வருகிறது பாருங்கள். புரோகிராமில் நீங்களே கண்டுபிடித்துப் போட்ட 1.4-உம் அதே எண்தான். வெயில் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குக் காட்டும்போது கடைக்காரரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

மார்கழியில் என்ன ஆகும்? பெட்டிக்குள் 21-இலிருந்து 36 வரை ஏறி இறங்கும் என்று வைத்தால் தவறு ஒன்றரை பிபிஎம்கூட இல்லை, நாளுக்கு 0.12 நொடி. நீங்கள் 1.4 நொடி கூட்டிக்கொண்டே இருந்தால் மாதத்துக்கு 38 நொடி முன்னால் ஓடும். பொங்கல் லீவுக்குள் பெல் முன்கூட்டியே அடிக்கத் தொடங்கிவிடும், பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், தலைமையாசிரியர் மறுபடி போன் போடுவார். நிலையான ஒரு எண்ணை வைத்து வெப்பத் தவறைத் திருத்த முடியாது, அந்த எண் மாதத்துக்கு மாதம் மாறும்.

சரி, 16 மெகாஹெர்ட்ஸ் விஷயம். அந்தத் தட்டையான வெள்ளி டப்பா, எச்.சி-49 என்று கேட்டால் கடையில் தருவார்களே, அதற்குள் கவை கிடையாது. வட்டமான மெல்லிய குவார்ட்ஸ் தகடு. அதை ஏடி வெட்டு என்கிற கோணத்தில், சுமார் 35 டிகிரி 15 நிமிடக் கோணத்தில் வெட்டுகிறார்கள். 1930களில் அமெரிக்காவில் பெல் லேப்ஸ்காரர்களும் ஜப்பானில் கோகா என்பவரும் தனித்தனியாக இந்தக் கோணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இதன் அழகு என்னவென்றால், இங்கே வர்க்கமாக வளர்கிற மிச்சமும் கழிந்துவிடுகிறது, அடுத்த படியான கன அளவு மட்டும்தான் மிஞ்சும். கிராப் கிண்ணமாக இருக்காது, படுக்க வைத்த எஸ் மாதிரி இருக்கும். குளிரிலிருந்து தொடங்கினால் முதலில் ஏறி, அறைச் சூட்டைத் தாண்டுகிறவரை மெல்ல இறங்கி, நல்ல சூட்டில் திரும்ப ஏறும். நன்றாக வெட்டிய தகடு 0 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைக்கும் ஐந்து பிபிஎம்முக்குள் நிற்கக்கூடும். வெட்டுக் கோணம் ஒரு நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, தப்பினாலே அந்த எஸ் சாய்ந்துவிடும். விலை குறைந்த கிரிஸ்டலுக்கும் உயர்ந்ததற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்தக் கோணத்தைப் பிடிப்பதில்தான் இருக்கிறது.

அப்படியானால் கடிகாரத்துக்கும் ஏடி வெட்டையே போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பேட்டரிதான் தடை. டிஎஸ்1307 மின்சாரம் இல்லாதபோது அரை மைக்ரோஆம்பியருக்குள் கடிகாரத்தை ஓட்டிவிடும், பட்டன் செல் வருடக்கணக்கில் தாங்கும். மெகாஹெர்ட்ஸில் ஆடுகிற தகட்டை ஓட்ட இதைவிடப் பல மடங்கு கரண்ட் வேண்டும். சிட்டிசன் கம்பெனி 2019-இல் ஒரு கைக்கடிகாரத்தில் 83,88,608 ஹெர்ட்ஸ் ஏடி வெட்டுக் கிரிஸ்டலை வைத்து, வருடத்துக்கு ஒரு நொடிக்குள் நிற்கும் என்று விற்றது. அதுவும் இரண்டின் அடுக்குதான், இருபத்து மூன்றாவது. சூரிய ஒளியில் சார்ஜ் ஆகிற கடிகாரம் அது. நம் பள்ளி பெல்லுக்கு அந்த வழி ஒத்துவராது.

கைக்கடிகாரம் என்றதும் நினைவு வருகிறது, சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் கையில் கட்டியிருக்கிற வரைக்கும் நல்ல நேரம் காட்டுவதற்குக் காரணம் நம் உடம்பு. வெளியே வெயிலோ பனியோ, மணிக்கட்டு அதைக் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் வைத்திருக்கிறது. அதே கடிகாரத்தை பைக் டேங்க் கவரில் போட்டு வைகாசி மாதம் முழுவதும் வெயிலில் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் ஏடிமெகா போர்டு ஆர்டுயினோ ஊனோ வகை என்றால் அதன் மெயின் சிப்புக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் கிரிஸ்டலே அல்ல, செராமிக் ரெசனேட்டர், குவார்ட்ஸுக்குப் பதில் பீங்கான் துண்டு ஆடுகிற சாமான். அதன் பிசிறு அரை சதவீதம் வரை போகலாம், நாளுக்கு ஏழு நிமிடம். புரோகிராம் ஓட அது போதும், ஆனால் ஆர்டிசியை விட்டுவிட்டு சிப்பின் மில்லிநொடிக் கணக்கை வைத்து நேரம் காட்டலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள்.

வேலைக்கு வருவோம். காசு செலவில்லாத காரியம் முதலில்: பெட்டியை இடம் மாற்றுங்கள். மாடிப்படியிலிருந்து கீழே இறக்கி, தலைமையாசிரியர் அறையிலோ ஸ்டாப் ரூமிலோ, வெயில் படாத உள்சுவரில், ஆள் மட்டத்தில் மாட்டுங்கள். கான்கிரீட் கூரை உள்ள அறையின் உள்சுவரில் கோடையிலும் 29-இலிருந்து 39 வரைதான் ஆடும் என்று வைத்தால், தவறு 16-இலிருந்து 3.3 பிபிஎம்முக்கு இறங்குகிறது. மாதத்துக்கு 42 நொடி போய்க்கொண்டிருந்தது எட்டரை நொடியாகிவிடும். பத்து மீட்டர் ஒயர் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எந்த விலை உயர்ந்த சிப்பும் இந்த விலைக்கு இவ்வளவு செய்யாது.

பெட்டிக்குள்ளே இருக்கிற சூட்டையும் பாருங்கள். 12 வோல்ட் டிசியை 7805 ரெகுலேட்டர் சிப் வைத்து 5 வோல்ட்டுக்கு இறக்குகிறீர்கள் என்றால், 200 மில்லிஆம்பியர் எடுத்தாலே 1.4 வாட் சூடு அந்த ரெகுலேட்டரில் இறங்குகிறது. மூடிய தகரப் பெட்டிக்குள் அதற்குப் பக்கத்திலேயே ஆர்டிசியை வைத்தால் மார்கழியிலும் அதற்கு வைகாசிதான். ரெகுலேட்டரை மேலே வையுங்கள், ஆர்டிசியைக் கீழே ஓரத்தில் வையுங்கள், சூடு மேலேதான் ஏறும். இல்லையென்றால் 7805-ஐத் தூக்கிவிட்டு, அதிகம் சூடாகாமல் வோல்ட்டை இறக்குகிற ஒரு பக் கன்வெர்ட்டர் போடுங்கள். பெட்டிக்குக் கீழேயும் மேலேயும் நாலு நாலு ஓட்டை, பல்லி நுழையாதபடி வலை.

அப்புறம் சிப். டிஎஸ்1307-ஐ எடுத்துவிட்டு டிஎஸ்3231 போடுங்கள். இதில் கிரிஸ்டலும் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, கூடவே ஒரு வெப்ப உணரியும் இருக்கிறது. 64 நொடிக்கு ஒருமுறை சூட்டை அளந்து, கிரிஸ்டலோடு இணைந்திருக்கும் நுண்ணிய கெப்பாசிட்டர்களைச் சேர்த்தும் விலக்கியும் வேகத்தைத் திருத்திக்கொள்கிறது. கெப்பாசிட்டன்ஸ் குறைந்தால் கிரிஸ்டல் கொஞ்சம் வேகமாக ஆடும், கூடினால் மெதுவாகும், அந்தச் சங்கதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். முகவரி, நேரப் பதிவேடுகள் எல்லாம் 1307-ஐப் போலவே இருப்பதால் புரோகிராமில் பெரிய மாற்றம் தேவைப்படாது. நீங்கள் கூட்டுகிற அந்த 1.4-ஐ எடுத்துவிட மறக்காதீர்கள்.

நீங்களே ஒரு சென்சார் வைத்து 0.035 கணக்கைப் புரோகிராமில் போடலாமே என்றும் தோன்றும். போடலாம். டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சாரைக் கிரிஸ்டல் உருளையோடு ஒட்டி, நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டைப் படித்து, பிபிஎம்மை 60-ஆல் பெருக்கி மைக்ரோநொடியாகச் சேர்த்துக்கொண்டே வந்து, பத்து லட்சம் ஆனதும் ஒரு நொடி கூட்ட வேண்டும். 55 டிகிரியில் எட்டே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு நொடி கூடும். கற்றுக்கொள்ள அருமையான வேலை, நான் செய்திருக்கிறேன், நன்றாகவே நின்றது. ஆனால் கரண்ட் போனால் ஏடிமெகா தூங்கிவிடும், ஆர்டிசி மட்டும் செல்லில் ஓடும், அந்த நேரத்தில் சூடு என்ன என்று யாருக்கும் தெரியாது. லீவில் மெயினை ஆஃப் பண்ணிவிட்டுப் போகிற பள்ளியில் இது உதவாது. டிஎஸ்3231 செல்லில் ஓடும்போதும் தானே அளந்து தானே திருத்தும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதைச் சொல்கிறேன்.

ஆனால் அதன் டேட்டாஷீட்டை நம் ஊர்க் கண்ணோடு படியுங்கள். 2 பிபிஎம் என்று பெரிதாகப் போட்டிருப்பது 0 முதல் 40 டிகிரி வரைக்கும்தான். 40-க்கு மேல் 3.5 பிபிஎம். மேற்குச் சுவர்ப் பெட்டியில் வைத்தால் நீங்கள் வாங்கியது இரண்டாவது எண்ணைத்தான், வருடத்துக்கு ஒரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கம்மி. இடத்தை மாற்றுவது புது சிப் போட்ட பிறகும் அவசியம் என்று சொல்வது இதனால்தான். எம் என்று முடிகிற வகை, டிஎஸ்3231எம், வேறு சரக்கு. அதில் குவார்ட்ஸுக்குப் பதிலாக சிலிக்கான் ரெசனேட்டர், 5 பிபிஎம். கெட்டதல்ல, ஆனால் வாங்கும்போது எது கிடைக்கிறது என்று சிப்பின் மேல் எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

கடைகளில் கிடைக்கிற நீல நிற டிஎஸ்3231 மாட்யூலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. செல்லுக்குச் சார்ஜ் ஏற்றுகிற மாதிரி ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வைத்திருப்பார்கள், சார்ஜ் ஆகக்கூடிய எல்ஐஆர்2032 செல்லுக்காக. நாம் போடுவது சாதாரண சிஆர்2032, அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. 5 வோல்ட்டில் ஓட்டினால் நாளாக நாளாகச் செல் உப்பும், கோடைச் சூட்டில் இன்னும் சீக்கிரம். அந்த ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிட்டு சிஆர்2032 போடுங்கள். பள்ளியில் மாட்டுகிற சாமான், இதை ஒத்திப்போடாதீர்கள்.

1307-ஐயே வைத்துக்கொள்வதாக இருந்தால் இரண்டு விஷயம். அது 12.5 பைக்கோஃபேரட் கெப்பாசிட்டன்ஸோடு சரியாக ஆடுகிற கிரிஸ்டலுக்காகச் செய்த சிப், கெப்பாசிட்டர்கள் உள்ளேயே இருக்கின்றன, வெளியே எதையும் சேர்க்காதீர்கள். 6 பைக்கோஃபேரட் கிரிஸ்டலைப் போட்டுவிட்டால் சூடு இல்லாமலேயே ஓட்டம் தப்பும். நீங்கள் இரண்டாவதாக வாங்கியது எந்த வகை என்று கடையில் கேட்டீர்களா? அடுத்தது, சால்டர் பண்ணிய இடத்தில் ஃபிளக்ஸ் பிசின் ஒட்டியிருந்தால், மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கிரிஸ்டல் கால்களுக்கு நடுவில் கசிவு உண்டாக்கும். ஐப்பசி அடைமழையில் மட்டும் நேரம் தப்பினால் சூட்டைத் தேடாதீர்கள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் கழுவுங்கள்.

ஓவன் கிரிஸ்டல் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். கிரிஸ்டலை ஒரு குட்டி அடுப்புக்குள் வைத்து எப்போதும் ஒரே சூட்டில், பெரும்பாலும் 75, 85 டிகிரியில் பிடித்து வைக்கிற ஏற்பாடு. குளிர்விக்காமல் ஏன் சூடாக்குகிறார்கள் என்றால், சூடாக்குவது எளிது, வெளிச் சூட்டைவிட எப்போதும் மேலே இருந்தால் போதும், வெயில் என்ன ஆட்டம் போட்டாலும் உள்ளே தெரியாது. அந்தச் சூட்டில் உச்சி வருகிற மாதிரியே கிரிஸ்டலையும் வெட்டுவார்கள். டெலிகாம் சாமான்களிலும் அளவுக் கருவிகளிலும் இருக்கும், பத்து கோடியில் ஒரு பங்கு அளவுக்கும் அதைவிட நன்றாகவும் நிற்கும். ஆனால் வாட் கணக்கில் கரண்ட் குடிக்கும், செல்லில் ஓடாது. பள்ளி பெல்லுக்கு வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னொன்றும் செய்வேன். பெட்டி முன்னால் ஒரு பட்டன். அதை அழுத்தினால் நொடி சுழியாக வேண்டும், முப்பது நொடிக்கு மேல் ஓடியிருந்தால் அடுத்த நிமிடத்துக்கு ஏற வேண்டும், முப்பதுக்குக் கீழே என்றால் அதே நிமிடம். திங்கட்கிழமை தோறும் காலையில் வாட்ச்மேன் அண்ணன் செல்போனில் நேரத்தைப் பார்த்து, சரியாக 9 மணி அடிக்கிற நொடியில் ஒருமுறை அழுத்தினால் போதும். உங்கள் பழைய 1307, பழைய மேற்குச் சுவரிலேயே இருந்தாலும், வாரத்துக்குப் பத்து நொடிதான் விலகும், அதையும் திங்கட்கிழமை துடைத்துவிடும். நீண்ட லீவுக்குப் பின் முதல் நாள் மட்டும் அரை நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கும், அன்று மெனுவில் போய்ச் சரிசெய்ய வேண்டும். பள்ளியில் வைஃபை இருந்தால் இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் வைத்து இன்டர்நெட்டிலிருந்து தினமும் நேரம் எடுப்பது இன்னும் சுலபம், ஆனால் ரவுட்டரை யாரோ ஒருநாள் பிடுங்கிவிடுவார்கள், பட்டனை யாரும் பிடுங்க மாட்டார்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால், மீன் தொட்டிக்கு வைக்கிற ஒயர் நீண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நுனியைக் கிரிஸ்டல் மேல் டேப் போட்டு ஒட்டி, டிஸ்பிளேயைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள், கதவைத் திறந்தால் சூடு இறங்கிவிடும். வெயில் நன்றாக அடிக்கிற ஒரு நாளில் மாலை நான்கு மணிக்கு ஒன்று, மறுநாள் விடியற்காலை வாட்ச்மேனைப் பார்க்கச் சொல்லி ஒன்று. அந்த இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள் தம்பி, நான் ஊகித்த 58-உம் 30-உம் எவ்வளவு தப்பு என்று பார்த்துவிட்டு, கீழே இறக்குவது மட்டும் போதுமா, சிப்பையும் மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.